வீடு ஏலத்துக்கு வருகிறது: பேங்க்கிடம் பேசுவதா, சாப்டர் 13-ஆ, சாப்டர் 7-ஆ, விற்றுவிடுவதா?

அமெரிக்காவில் டெக்சாஸின் டாலஸ் பக்கம் இருக்கும் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவர் பிரிக்காமலே வைத்திருந்த பதினேழு கவர்களை ஒவ்வொன்றாகக் கிழித்தோம். சாமி அலமாரிக்குக் கீழே இருந்த டிராயரில் போட்டு மூடி வைத்திருந்தார். பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பதால் பிரிக்கவில்லை. தேதி வாரியாக அடுக்கியபோது கதை தெளிவாகத் தெரிந்தது: முதல் சில கடிதங்கள் "உங்களுக்கு உதவக் காத்திருக்கிறோம்" ரகம், நடுவில் 20 நாளில் பாக்கியைக் கட்டு என்று ஒரு நோட்டீஸ், கடைசியாக சர்டிஃபைடு மெயிலில் வந்த கவரில் ஏலத் தேதி. அதற்கு பதினாறு நாள்தான் இருந்தது.

"லோன் மாடிஃபிகேஷனுக்கு பேப்பர் அனுப்பியிருக்கேன், அதுக்கு பதில் வர்ற வரைக்கும் ஏலம் விட மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். விடலாம். அவருக்கு அது தெரியவில்லை, நிறைய பேருக்குத் தெரியவில்லை. வேலை போய், மார்ட்கேஜ் நின்று, இந்த நான்கில் எதைச் செய்வது என்று குழம்பியிருப்பவர்கள் தொடர்ந்து கேட்பதால் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கடைசி முடிவை உங்கள் மாநிலத்தின் பேங்க்ரப்ட்சி வக்கீலோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போகலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் "ஐ.பி. கொடுத்துட்டான்", "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்றால் அது ஒரு குடும்பத்தின் மேல் விழும் வசை. அந்தக் கூச்சத்தை இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். அமெரிக்காவில் திவால் மனு (சாப்டர் 13, சாப்டர் 7 இரண்டும் அதன் வகைகள்) என்பது சட்டம் கொடுத்திருக்கும் ஒரு வழி, அவ்வளவுதான். கூச்சப்பட்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டால், அந்த மூன்று மாதத்தில் கையில் இருந்த வழிகளில் இரண்டு அடைபட்டுவிடும்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள். ஏலத்துக்கு இன்னும் எத்தனை நாள்? இன்றைக்கு வீட்டுக்குள் நிலையான வருமானம் வருகிறதா? வீட்டை விற்றால் கடன் போக ஏதாவது மிஞ்சுமா? வீட்டுக் கடன் மட்டும்தான் பிரச்சினையா, கிரெடிட் கார்டு, மருத்துவச் செலவு என்று மற்றதும் கழுத்தை நெரிக்கிறதா? அப்புறம், இந்தியாவில் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது?

இதில் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரியது. கோர்ட் கொடுக்கும் தடை ஏலத்தை நிறுத்தும், மாதத் தவணையை நிறுத்தாது. வருமானம் இல்லாமல் தடை மட்டும் வாங்கினால், சில மாதம் கழித்து அதே மேசையில் அதே கவர்களோடு உட்கார வேண்டியிருக்கும்.

முதல் கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். நாடு முழுக்கப் பொதுவான விதி: தவணை 120 நாளுக்கு மேல் தவறினால்தான் ஃபோர்க்ளோஷரின், அதாவது கடனுக்காக வீட்டை ஏலம் விடுவதன், முதல் நோட்டீஸையோ வழக்கையோ தொடங்க முடியும். அதன் பிறகு டெக்சாஸில் பெரும்பாலும் கோர்ட்டுக்கே போவதில்லை. பாக்கியைக் கட்ட 20 நாள் நோட்டீஸ், ஏலத்துக்கு 21 நாள் நோட்டீஸ், பிறகு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நடுவில் கவுன்ட்டி சொன்ன இடத்தில் ஏலம். முதல் தவணை தவறி ஆறே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடக்கூடும். நியூ ஜெர்சியில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, ஷெரிஃப் ஏலத்துக்கு வர வேண்டும், ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் உறவினர் "எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதை நம்பி டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் இருப்பவர் சும்மா இருந்துவிடக் கூடாது.

## வழி 1: சர்வீசரிடமே லோன் மாடிஃபிகேஷன்

சர்வீசர் என்பது பேங்க்குக்காகத் தவணை வசூலிக்கும் நிறுவனம். அவர்களிடமே கடன் நிபந்தனையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும், செலவு இல்லாத வழி இது. தவணையைக் குறைப்பது, பாக்கியைக் கடனின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சில மாதம் நிறுத்தி வைப்பது என்று பல வகை உண்டு.

நேரத்தைப் பொறுத்தவரை எல்லாம் 37 என்ற எண்ணில் இருக்கிறது. முழுமையான விண்ணப்பம் ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால், சர்வீசர் அதை 30 நாளில் பரிசீலிக்க வேண்டும், அதுவரை ஏலம் விடக் கூடாது. முழுமையான என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பே ஸ்டப் (சம்பளச் சீட்டு) குறைந்தாலும் அது முழுமை இல்லை. ஏலத் தேதியே குறிக்காத நிலையில் முழு விண்ணப்பம் சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது, பின்னால் தேதி குறித்தாலும் பாதுகாப்பு நிற்கும்.

இப்போது டெக்சாஸ் கணக்கைப் பாருங்கள். ஏல நோட்டீஸே 21 நாளைக்கு முன்னால் வந்தால் போதும். அந்தக் கவரைக் கையில் வாங்கும்போது 37 நாள் கெடு முடிந்துபோயிருக்கும்! அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் பார்க்க வேண்டிய கட்டாயம் அந்த மத்திய விதியில் இல்லை. நண்பருக்கு நடந்தது இதுதான்.

மறைமுகச் செலவு: பேப்பர் அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் நாட்கள் ஓடுவது. ஒரு முறை முழுமையாகப் பரிசீலித்து மறுத்துவிட்டால், நடுவில் பாக்கியை நேர் செய்யாதவரை இரண்டாவது விண்ணப்பத்துக்கு அதே பாதுகாப்பு கிடையாது. "லோன் மாடிஃபிகேஷன் வாங்கித் தருகிறோம், 3,000 டாலர் முன்பணம்" என்று கூப்பிடுபவர்களுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள், முன்பணம் வாங்குவதே சட்டப்படி தடை. HUD என்கிற மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள்.

## வழி 2: சாப்டர் 13

வருமானம் இருந்து, வீடும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் வழி.

மனு பதிவாகும் நிமிடத்திலேயே ஏலத்துக்குத் தடை வந்துவிடுகிறது. நீதிபதி கையெழுத்துப் போடக் காத்திருக்க வேண்டாம், அதனால்தான் இதை ஆட்டோமேட்டிக் ஸ்டே என்கிறார்கள். பிறகு 14 நாளில் திட்டம் தாக்கல், மனுவிலிருந்து 30 நாளுக்குள், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டிக்கு முதல் தவணை, 21-லிருந்து 50 நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் கூட்டம், அதன் பிறகு திட்டத்துக்கு நீதிபதியின் ஒப்புதல். பழைய பாக்கியை மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் கட்டிக்கொண்டே, இந்த மாதத் தவணையையும் தவறாமல் கட்ட வேண்டும். கட்டும்வரை தடை நிற்கும்.

நண்பரின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 3,200 டாலர், ஒன்பது மாதம் பாக்கி, ஆக 28,800. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 480. டிரஸ்டியின் பங்கு 10 சதவீதம் வரை போகலாம், அதற்கு 48. மொத்தம் மாதம் 3,728. சர்வீசர் போட்ட லேட் ஃபீஸ், வக்கீல் செலவு எல்லாம் இதற்கு மேல். பல இடங்களில் மாதத் தவணையும் டிரஸ்டி வழியாகவே போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், அப்போது அவர் பங்கு 3,200-க்கும் சேர்த்துக் கணக்காகி, மொத்தம் 4,000-ஐத் தாண்டிவிடக்கூடும். இந்த எண்ணை உங்கள் சம்பளத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். முன்பு 3,200-ஐயே கட்ட முடியாமல் நின்றவர் இனி 4,000 எப்படிக் கட்டுவார் என்பதற்கு நேர்மையான பதில் வேண்டும். நண்பருக்கு இருந்தது: மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறார், நண்பருக்கும் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருந்தது. வருமானம் திரும்பிவிட்டது, பாக்கிதான் மலையாக நின்றது. சாப்டர் 13 அந்த மலைக்குத்தான்.

இன்னும் சில நல்ல பக்கங்கள் உண்டு. வீட்டின் மதிப்பு முதல் மார்ட்கேஜுக்கே போதவில்லை என்றால் இரண்டாவது மார்ட்கேஜைப் பெரும்பாலான இடங்களில் கழற்றிவிட முடியும். குடும்பத் தேவைக்கான கடனில் உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட தம்பியையோ நண்பரையோ கடன்காரர் துரத்துவதையும் இது நிறுத்தி வைக்கும். சாப்டர் 7-ல் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் குடியிருக்கும் வீட்டின் முதல் கடனை, வீட்டு மதிப்பு இறங்கிவிட்டது என்று குறைக்க முடியாது, 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் அளவுக்கும் உச்சவரம்பு உண்டு: 2025 ஏப்ரலிலிருந்து அடமானக் கடன் 15,80,125 டாலர், மற்ற கடன் 5,26,700 டாலர். கலிஃபோர்னியா பே ஏரியாவில் வீடு வாங்கியவர்களுக்கு முதல் எண் இடித்தாலும் இடிக்கும்.

மறைமுகச் செலவில் பெரியது, ஐந்து வருடம் உங்கள் குடும்பத்தின் வரவு செலவு கோர்ட் பார்வையில் இருப்பது. கார் வாங்க, வீட்டை விற்க, புதுக் கடன் எடுக்க, எல்லாவற்றுக்கும் அனுமதி. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்கு ஐயாயிரம் டாலர் அனுப்ப வேண்டும் என்றாலும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். நடுவில் முடியாமல் விட்டு வழக்கு தள்ளுபடியானால் வட்டி, ஃபீஸ் எல்லாம் சேர்ந்து பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அப்படி விழுகிற வழக்குகள் நிறைய.

## வழி 3: சாப்டர் 7

இதிலும் அதே தடை அதே நிமிடத்தில் வரும். நீடிக்கும் காலம்தான் வேறு. வழக்கே சுமார் நான்கு மாதத்தில் முடிந்துவிடும், கடன் விடுவிப்பு வந்ததும் தடை போய்விடும். அதுவரையும் நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. தடையை நீக்கச் சொல்லி பேங்க் மனு போட்டால், பாக்கியும் கட்டாமல் வீட்டில் மதிப்பும் மிஞ்சாமல் இருப்பவருக்கு நீதிபதி பெரும்பாலும் நீக்கித்தான் கொடுப்பார். நடைமுறையில் இரண்டிலிருந்து நான்கு மாதம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியைத் தவணையில் கட்டும் ஏற்பாடு இதில் கிடையாது. உங்கள் மேல் இருக்கும் தனிப்பட்ட பொறுப்பு போகும், வீட்டின் மேல் இருக்கும் அடமானம் போகாது. அதனால் வீட்டைக் காப்பாற்ற சாப்டர் 7 போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் இரண்டு முறை கேட்பேன். வீடு போனாலும் பரவாயில்லை, கடன் என்னைத் துரத்தக் கூடாது என்பவருக்கு இது சரி. டெக்சாஸில் ஏலத்தில் வீடு கடனைவிடக் குறைந்த தொகைக்குப் போயிருந்தால் மீதியைக் கேட்டு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், சாப்டர் 7 அந்த வாசலை அடைத்துவிடும். கிரெடிட் கார்டு கடன்தான் மார்ட்கேஜைத் தின்றுகொண்டிருந்தது, அது போனால் தவணை கட்ட முடியும், பாக்கியும் ஒன்றிரண்டு மாதம்தான் என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தகுதியில் ஒரு சிக்கல். மனுவுக்கு முந்தைய ஆறு மாத வருமானத்தின் சராசரியை மாநில நடு வருமானத்தோடு ஒப்பிடுவார்கள். நேற்றுவரை ஐ.டி. சம்பளம் வாங்கியவருக்கு, வேலை போகும்போது கொடுத்த செவரன்ஸும் சேர்ந்து, இன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சராசரி உயரமாக நிற்கும். சில மாதம் காத்திருந்தால் தகுதி வந்துவிடும், ஆனால் ஏலத் தேதி காத்திருக்காது.

வீட்டில் மதிப்பு மிஞ்சுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், டிரஸ்டி வீட்டை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கான விலக்குக்கு, அதாவது டிரஸ்டி தொட முடியாத பங்குக்கு, தொகை வரம்பு இல்லை. ஆனால் வாங்கி 1,215 நாள், அதாவது சுமார் மூன்றேகால் வருடம் ஆகியிருக்காவிட்டால், அதே மாநிலத்தில் முந்தைய வீட்டை விற்று வாங்கியதாக இல்லாதபட்சத்தில், 2,14,000 டாலர் என்ற உச்சவரம்பு குறுக்கே வரும். நியூ ஜெர்சியில் மாநில விலக்கே இல்லை, மத்திய விலக்கான 31,575 டாலரைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், கணவன் மனைவி சேர்ந்து போட்டால் இரட்டிப்பு. இன்னொரு விஷயம்: சாப்டர் 13-ஐ வேண்டாம் என்றால் பெரும்பாலும் திரும்பப் பெறலாம், சாப்டர் 7-ஐ நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. வீடு கைமாறும்வரை வரும் HOA (வீட்டு உரிமையாளர் சங்கம்) சந்தாவும் உங்கள் தலையில்தான். வீட்டைக் காலி செய்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அந்த பில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## வழி 4: ஏலத்துக்கு முன் நீங்களே விற்பது

வீட்டில் மதிப்பு மிஞ்சும், வருமானம் திரும்ப வழியில்லை என்றால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஏலத்தில் விழும் விலைக்கும் நல்லபடியாக விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பிள்ளைகளின் பணம். ஆள் கிடைத்த பிறகு கடன் வாங்கி வாங்குபவரோடு முடிக்க 30 முதல் 45 நாள் ஆகும், ஆகவே கடைசி மூன்று வாரத்தில் இந்த வழி இல்லை. கடனை அடைக்கும் அளவுக்கு விலை வராவிட்டால் ஷார்ட் சேல், அதற்கு பேங்க் சம்மதம் வேண்டும். மீதியை முழுவதும் தள்ளுபடி செய்கிறோம் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தள்ளுபடியான தொகை வருமானமாகக் கணக்காகி வரி வரலாம். திவால் வழக்கில் தள்ளுபடியாகும் கடனுக்கு அந்த வரி கிடையாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மாடிஃபிகேஷன் | சாப்டர் 13 | சாப்டர் 7 | விற்பது |
|---|---|---|---|---|
| ஏலம் நிற்குமா | 37 நாளுக்கு முன் முழு விண்ணப்பம் சேர்ந்தால் | மனு போட்டதும் | மனு போட்டதும் | பணம் சேரும்வரை இல்லை |
| எவ்வளவு காலம் | பரிசீலனை முடியும்வரை | கட்டும்வரை, 5 வருடம் வரை | சுமார் 2–4 மாதம் | பொருந்தாது |
| கோர்ட் கட்டணம் | இல்லை | 313 டாலர் | 338 டாலர் | இல்லை |
| வக்கீல், மற்ற செலவு | இல்லை | சில ஆயிரம், பெரும்பகுதி தவணையில் | பெரும்பாலும் முன்பணம் | ஏஜென்ட் கமிஷன் |
| நிலையான வருமானம் | வேண்டும் | கட்டாயம் | வேண்டாம் | வேண்டாம் |
| ஃபேனி மே (பேங்க்குகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் நிறுவனம்) விதிப்படி அடுத்த வீட்டுக் கடனுக்குக் காத்திருப்பு | பொருந்தாது | முடித்தபின் 2 வருடம், தள்ளுபடியானால் 4 | 4 வருடம் | ஷார்ட் சேல் என்றால் 4 வருடம் |

ஒன்றும் செய்யாமல் ஏலத்துக்கே விட்டால் அந்தக் கடைசி வரிசையில் 7 வருடம்.

## நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

வக்கீல்கள் கேட்கும் படிவத்தில் "சொத்து" என்றால் உலகத்தில் எங்கே இருந்தாலும் சொத்துதான். திருநெல்வேலியில் அப்பா உங்கள் பெயரில் எழுதிய மனை, தாம்பரத்தில் வாங்கிப்போட்ட ஃபிளாட், NRE டெபாசிட், கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, எல்லாவற்றையும் எழுத வேண்டும். பொய்ச் சத்தியத்துக்கான தண்டனையின் கீழ்தான் அந்தக் கையெழுத்து. பூர்வீகச் சொத்தில் பங்கு பிரிக்கவில்லை என்பதால் எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தமும், 2005 மத்தியத் திருத்தமும் மகள்களுக்கும் பங்கு கொடுத்திருக்கின்றன. அண்ணன் தம்பிதான் அனுபவிக்கிறார்கள் என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கும் நிலத்தில் அவருக்கும் உரிமை இருக்கலாம். கூட்டு மனு என்றால் அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

நகையும் அப்படித்தான். மத்திய விலக்கில் நகைக்கு 2,125 டாலர்தான், நாலு பவுன்கூட அதில் அடங்காது. வேறு பொது விலக்குகளும் உண்டு, டெக்சாஸில் குடும்பத்துக்கு 25,000 டாலர் வரை நகைக்கு இடம் இருக்கிறது. லாக்கரில் இருக்கும் நாற்பது பவுனை மறைக்க நினைப்பதைவிட, எந்த விலக்கில் எவ்வளவு காப்பாற்றலாம் என்று கேட்பது மேல்.

மச்சானிடம் கைமாற்று வாங்கிய பத்தாயிரத்தை, மனு போடுவதற்கு முன்னால் அவருக்கு மட்டுமாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனசு சொல்லும். கொடுக்காதீர்கள். உறவினருக்கு ஒரு வருடத்துக்குள் கொடுத்ததை டிரஸ்டி அவரிடமிருந்தே திரும்பக் கேட்கலாம், கெட்ட பெயர் இரட்டிப்பாகும். அதேபோல ஓய்வுக்காலச் சேமிப்பான 401(k)-வை உடைத்துப் பாக்கி கட்டுவதும் வேண்டாம். அந்தப் பணத்தைத் திவால் வழக்கில் யாரும் தொட முடியாது, நீங்களே எடுத்தால் வரியோடு, ஐம்பத்தொன்பதரை வயதுக்குள் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் போகும்.

H-1B வேலை விசாவில் இருப்பவர்கள் பயந்து கேட்பது: மனு போட்டால் விசா போய்விடுமா? குடிமகனாக இல்லாவிட்டாலும் இங்கே வசிப்பவரோ சொத்து உள்ளவரோ மனு போடலாம், அதை வைத்து மட்டும் விசா போகாது. வேலை போன பிறகு கிடைக்கும் 60 நாள் அவகாசம்தான் உங்கள் நிஜமான கெடு. அதற்குள் வேறு வேலை கிடைக்காது, ஊர் திரும்பத்தான் வேண்டும் என்றால் ஐந்து வருடத் திட்டத்தில் மாட்டிக்கொள்வதில் அர்த்தமே இல்லை, விற்பதையோ சாப்டர் 7-ஐயோ பாருங்கள்.

அப்புறம், ஏலத்துக்கு முதல் நாள் மனு, பிறகு பேப்பர் கொடுக்காமல் விட்டுவிட்டு அடுத்த ஏலத்துக்கு மறுபடி மனு என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஒரு வருடத்துக்குள் ஒரு வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் அடுத்த மனுவில் தடை 30 நாள்தான், நீட்டிக்க வேண்டுமென்றால் அதற்குள் கோர்ட் சம்மதம் வாங்க வேண்டும். இரண்டு தள்ளுபடி என்றால் தடை தானாக வரவே வராது. வீட்டின் மேலேயே இரண்டு வருடத்துக்கு தடை செல்லாது என்று உத்தரவு வாங்கவும் பேங்க்கால் முடியும்.

## ஏலத்துக்கு நாலைந்து நாள்தான் இருக்கிறது என்றால்

மனு போடுவதற்கு முன்னால் ஒரு ஆன்லைன் கடன் ஆலோசனை வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஒன்றிரண்டு மணி நேர வேலை. அது இல்லாமல் போட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். முழுப் படிவங்கள் தயாராக இல்லாவிட்டாலும் அடிப்படை மனுவையும் கடன்காரர் பட்டியலையும் போட்டுவிட்டு மீதியை 14 நாளில் கொடுக்கலாம். ஏலம் முடிந்துவிட்டால் சாப்டர் 13-ல் பாக்கியைக் கட்டி மீட்கும் உரிமை போய்விடும், ஆகவே செவ்வாய் காலை வரை தள்ளாதீர்கள்.

நண்பர் வெள்ளிக்கிழமை மாலை போட்டார். கேஸ் நம்பர் வந்ததும் அவருடைய வக்கீல் முதலில் செய்தது, ஏலத்தை நடத்தும் வக்கீல் ஆபீஸுக்கு போன் செய்து நம்பரைச் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்பி, தகவலை வாங்கிக்கொண்டவர் பெயரைக் குறித்துக்கொண்டது. தடை அவர்களுக்குத் தெரியாவிட்டாலும் செல்லும். ஆனால் தெரியாமல் ஏலம் விட்டுவிட்டால் அதை ரத்து செய்ய இன்னொரு வழக்கு ஆகும். இருந்தாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கவுன்ட்டி கட்டடத்துக்கே போய், நோட்டீஸில் போட்டிருந்த 10 மணியிலிருந்து ஒரு மணி வரை நின்றார், டெக்சாஸில் குறித்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஏலம் தொடங்கியாக வேண்டும். ஒவ்வொரு முகவரியாக வாசித்தார்கள். அவருடைய தெருப் பெயர் வரவில்லை. ஒரு மணி பத்து நிமிடத்துக்கு எனக்கு போன் செய்து, முதல் டிரஸ்டி தவணை என்றைக்குக் கட்ட வேண்டும் என்று கேட்டார்.